பதினோரு வருடம் கழித்து ஒரு திறப்பு விழா

பாண்டிலட்சுமி அக்கா பட்டாசுக்கு அட்டைப் பெட்டி செய்து கொடுப்பவர். எங்கள் பக்கத்து வீட்டுக் கொட்டகையில் பதினோரு வருடமாக ஆறு பெண்களை வைத்து நடத்துகிறார். விஸ்வநத்தத்துக்கு இந்தப் பக்கம், பஸ் எப்போதாவது நிற்கும் ஊர் எங்களுடையது. பசை காய்ச்சவும் பலகை கழுவவும் நாள் முழுக்கத் தண்ணீர் வேண்டும். கம்பெனிக்கான தண்ணீர் வரியை அக்கா ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை.

தை மாதம் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். இங்கே புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு மூன்று வருடம் தண்ணீர் வரி பாதிதான்.

அக்கா கிளார்க் முனியராஜிடம் போய்க் கேட்டார். “தம்பி, பதினோரு வருசமாக் கட்டுறவளுக்கு எம்புட்டுத் தள்ளுபடி?”

“பழையவுகளுக்குக் கிடையாதுக்கா. அவுக எங்கன போயிரப் போறாக?”

அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே ஒரு வழியும் சொன்னார். “உங்க வீட்டுக்கார அண்ணன் பேருல புதுசா ஆரம்பிங்க. மனுவோட திறப்பு விழா போட்டோ ஒண்ணு வைங்க.”

மனுவை நிரப்பிக் கொடுத்தது நான்தான். தொழில் தொடங்கும் நாள் என்ற இடத்தில் அக்கா சொன்ன வெள்ளிக்கிழமையை எழுதினேன்.

“இது பொய்யாடி?” என்று கேட்டார்.

பெயர் புதிது. கொட்டகை அதேதான்.

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினார்கள். ‘வெள்ளைத்துரை பேக்கேஜிங்’ என்று அக்காவின் கணவர் பெயரில் போர்டு ஏறியது. வேலை பார்க்கும் அக்காமார் ஆறு பேரும் பட்டுச்சேலை கட்டி, காசு சேர்த்து வாங்கிய சுவர்க்கடிகாரத்தோடு வந்தார்கள்.

“நாங்களும் இன்னைக்குப் புதுசாத்தான் வேலைக்குச் சேரணுமாக்கா?” என்றார் அவர்களில் ஒருவரான சுப்புத்தாய்.

“ஆமாடி. நேத்து வரைக்கும் தூங்குனியே, அந்த மாதிரி தூங்காம புதுசா வேலை பாரு.”

அடுத்த புதன்கிழமை முனியராஜ் நேரில் பார்க்க வந்தார். போட்டோ வைத்த மனுவை அவரிடம் கொடுக்க நானும் போயிருந்தேன். அவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே பட்டாசுக் கம்பெனியின் ஹரிபிரசாத் பைக்கில் வந்து இறங்கினார். வருடா வருடம் சீசன் ஆர்டர் கொடுப்பவர் அவர்தான். அந்த ஒரு ஆர்டரில்தான் கொட்டகை தீபாவளி வரை ஓடும்.

அவர் போர்டைப் பார்த்து நின்றுவிட்டார். “என்னக்கா, கம்பெனியை வித்துட்டீகளா?”

“ஐயோ, இல்ல சார்.”

“புது ஆளுகளுக்கு ஆர்டர் கொடுக்காதன்னு மொதலாளி கண்டிசனாச் சொல்லிட்டாரு. போன சீசன்ல ஒருத்தன் பாதி லோடுல கைய விரிச்சிட்டான். இது பழைய கம்பெனியா, புதுசா?”

முனியராஜ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் மனுவைப் பார்த்தேன்.

“ஆளு பழசு சார். கம்பெனி... புதுசு மாதிரி.”

ஹரிபிரசாத் முனியராஜ் பக்கம் திரும்பினார். “இவுக சொல்றது உங்களுக்குப் புரியுதா?”

“எனக்குப் புரியக் கூடாது சார்” என்றார் முனியராஜ்.

கொட்டகைக்குள் பெட்டி மடிக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது. ஆறு பேரும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பதினோரு வருசம் சார்” என்றார் அக்கா. “இதுவரைக்கும் ஒரு லோடு திரும்பி வந்ததில்ல.”

ஹரிபிரசாத் நின்றபடியே ஆர்டரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். முனியராஜ் எதுவும் எழுதவில்லை. மிச்ச டீயைக் குடித்தார். என் கையிலிருந்த மனுவை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

“வாங்கிட்டுப் போறாரே, அப்ப தள்ளுபடி தருவாரா?” என்றார் அக்கா.

அடுத்த மாதம் ரசீது வந்தது. வெள்ளைத்துரை பெயரில், முழுக் கட்டணத்துக்கு. அக்கா அதை என்னிடம் நீட்டினார்.

“இதுல நாங்க புதுசா, பழசா?”

இரண்டு முறை படித்தேன். ரசீதைத் திருப்பிக் கொடுத்தேன். ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. அக்கா போய் முழுசாகவே கட்டிவிட்டு வந்து பசை காய்ச்ச உட்கார்ந்தார்.