ஏழு தலைமுறை, இரண்டு பெயர்

வம்சாவளி எழுத உட்கார்ந்தால் எங்களுடையது சுலபமான குடும்பம். ஏழு தலைமுறைக்கும் இரண்டே பெயர்கள். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயரை வைத்தாக வேண்டும். பெயரன் என்பதுதானே பேரன். போன வாரம் என் மகள் கேட்டாளென்று மளமளவென்று எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு ஒரே பூரிப்பு. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

தாத்தாவுக்கும் அண்ணனுக்கும் ஒரே பெயர். இருவருடைய அப்பாக்களுக்கும் ஒரே பெயர். இன்ஷியல்கூட மாறாது. இந்த அழகான ஏற்பாட்டில்தான் எங்கள் மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், போனது.

நிலம் மிராசுதாருடையது. அப்பா காலமான பிறகு அண்ணன் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தான். பெயரைப் பதிந்துகொண்டால் குத்தகைக்காரனை யாரும் வெளியேற்ற முடியாது என்று கட்சிக்காரர்கள் ஊருக்குள் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணனிடம் குத்தகைச் சீட்டு இருந்தது. அதில் தேதிதான் இல்லை. அது தாத்தாவின் சீட்டு, அவரோடு குத்தகை முடிந்துவிட்டது, பேரன் வெறும் கூலியாள் என்று மிராசுதார் தரப்பில் சாதித்தார்கள்.

திருவிடைமருதூரில் விசாரணை. நானும் போயிருந்தேன். அதிகாரி அம்மாவைக் கூப்பிட்டு, சீட்டிலிருந்த பெயரைப் படித்துக் காட்டினார்.

“இது யாரும்மா? சொல்லுங்க.”

அம்மா மாமனார் பெயரை வாயால் சொன்னவள் இல்லை. அதே பெயர் என்பதால் பெற்ற பிள்ளையையும் ‘பெரியதம்பி’ என்றுதான் கூப்பிடுவாள். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“எங்க மாமனார் பேருங்க.”

எழுத்தர் அப்படியே எழுதிக்கொண்டு கைநாட்டு வாங்கிவிட்டார். அண்ணன் பதறிப்போய், தனக்கும் அதே பெயர்தான் என்றான். தாயார் உண்மையைச் சொல்லிவிட்டார், மகன் இப்போது மாற்றுகிறான் என்றார் மிராசுதாரின் வக்கீல். நான் வாயைத் திறந்தேன். சும்மா இரு என்று அதட்டினார்கள். அம்மாவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. ‘என் மகன்’ என்று சொல்லியிருந்தால் போதுமே. பெயரைக்கூடச் சொல்ல வேண்டாமே.

அந்தக் குறுவைக்கு எங்கள் வயலில் வேறு ஆட்கள் நட்டார்கள். வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணனைச் சாப்பிட அழைக்க அம்மாவும் நானும் போனோம். அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாக அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். முழுப் பெயரையும், சத்தமாக.

அண்ணன் திரும்பவில்லை. அம்மாவின் குரலில் அது தன் பெயர் என்று அவனுக்குத் தெரியவில்லை.