மடிப்பக்காவின் ஓய்வு ஒத்திகை

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மடித்த விரிப்புகள் அளவெடுத்து வெட்டியதுபோல் அடுக்கில் நிற்கும். ஓய்வு பற்றி அவளுக்கு இருந்த தைரியம் அங்கே வேறு யாருக்கும் இல்லை. வயதான பிறகும் வேலையை நீட்டித்துக் கேட்பவர்களை அவள் சும்மா விட்டதில்லை. "ஏன், வீட்ல சோறு போட மாட்டாங்களா?" என்று கேட்டு, நீராவி இயந்திரக்காரரைத் தலைகுனிய வைத்தவள். "நான் போனா போனதுதான். திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்" என்பாள்.

ஓய்வு நெருங்கியதும் மிச்சமிருந்த விடுப்பை எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தாள், ஒத்திகை பார்த்துவிடலாம் என்று.

வீட்டில் அவளுக்கு முன்பே ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார்: பேருந்து ஓட்டிய அவள் புருஷன். சமையலறை அவர் கைக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. சாயங்காலம் வந்து சாப்பிட்டுப் படுப்பவளுக்கு அது உறைத்ததே இல்லை. முதல் நாள் வெங்காயம் நறுக்கப் போனாள்.

"அந்தக் கத்தி பழத்துக்கு" என்றார் அவர்.

மறுநாள் அலமாரித் துணிகளை வெளியே இழுத்துப் போட்டு அழகாக மடித்து வைத்தாள். "கண்ண மூடிக்கிட்டே என் சட்டையை எடுப்பேன். இப்ப கண்ணத் திறந்தாலும் கிடைக்கல" என்றார். அதற்கடுத்த நாள், அவர் பகலில் கண்ணயரும் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவர் அந்த நாற்காலியையே சுற்றிச் சுற்றி வந்தார். ஒரே உறையில் இரண்டு கத்தி.

வாரம் முடிவதற்குள், லாக்கர் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனாள். மேற்பார்வை பார்க்கும் பெண்மணியின் முன்னால் சாவியை நீட்டாமல் நின்றாள்.

"இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம்னு பாக்கறேன். எனக்காக இல்ல. புதுசா வந்தவங்களுக்கு மடிப்பே வரல, அதான்."

அந்தப் பெண்மணி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "உக்காருங்கக்கா. உங்க வீட்டுக்காரர் நேத்தே போன் பண்ணிட்டார். எப்படியாவது உங்கள வச்சுக்கச் சொல்லிக் கெஞ்சினார். தான் கேட்டது உங்களுக்குத் தெரியக் கூடாதாம்."

மடிப்பக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதன் பின்னாலேயே சிரிப்பும் வந்தது.

வீட்டுக்கு வந்து, "விட மாட்டேங்கறாங்க, என்ன பண்றது?" என்று பெருமூச்சு விட்டாள்.

"அடப்பாவமே, உனக்கு ஓய்வுங்கறதே எழுதி வைக்கல போல" என்று அவரும் உச்சுக்கொட்டினார்.

ஒரு வருஷம் இரண்டானது, இரண்டு மூன்றானது. ஒவ்வொரு முறையும் இருவரும் வஞ்சனையில்லாமல் வருத்தப்பட்டார்கள்.