சிரி என்று அப்பா சொன்ன பிறகு

எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் அம்மா எல்லாரையும் முறைத்துக்கொண்டே இருப்பாள். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம் அது. பல் தெரியக் கூடாது, சிரிக்கக் கூடாது என்று ஸ்டூடியோக்காரர் மிரட்டி எடுத்தாராம். அம்மா இறந்த அன்றைக்கு வேறு நல்ல படம் எதுவும் அகப்படவில்லை. கல்யாணப் படத்தில் தலையைக் குனிந்திருந்தாள். அதனால் பாஸ்போர்ட் படத்தையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாலை போட்டோம். பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்த பேச்சு: "ஒங்கம்மா உசுரோட இருக்கையில இப்பிடி மொறைச்சிருந்தா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஓசியில கருவேப்பிலை கேட்டுருப்பேன்?"

அப்பா என்னோடு மதுரையில்தான் இருக்கிறார். அந்தப் படத்துக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்காருவார். படத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு வீட்டில் அதுதான் தோதான இடம். போன தையில் ஒருநாள் காலை, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர்க்கதை பேசுகிற அதே குரலில் சொன்னார்:

"ஆத்தா, ஒங்கம்மா மூஞ்சி எனக்கு மறந்து போச்சு."

"என்னப்பா சொல்றீங்க?"

"கண்ண மூடுனா இந்தப் போட்டோதான் வருது. அவ இப்பிடியா இருந்தா? அந்தக் கேசட்டு அஞ்சையும் ஓட வச்சுக் காட்டு. அதுல சிரிக்கிறா."

அந்தக் கேசட்டுகளைத் தொடவே கூடாது என்று இத்தனை வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

அப்பா டவுன் பஸ் டிரைவர். உசிலம்பட்டியிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து உசிலம்பட்டி. முப்பது வருசம் அந்த ஒரு ரோடுதான். ஓய்வு பெற்றதும், சிங்கப்பூரில் வேலை பார்த்த என் தம்பி, அப்பாவையும் அம்மாவையும் ஒரு சுற்றுலாக் கும்பலோடு சேர்த்துவிட்டான். மலேசியா, தாய்லாந்து, கடைசியில் சிங்கப்பூர். பதினைந்து நாள். அதுவரை அம்மா போன தூரம் பழனி வரைக்கும்தான். லீவில் வந்திருந்தபோது தம்பி ஒரு வீடியோ கேமராவை அப்பா கையில் கொடுத்து எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று ஒரே ஒரு தடவை காட்டினான். கேமரா அவனுடைய சிநேகிதனுடையது. சிங்கப்பூரில் அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, தீப்பெட்டி அளவில் ஐந்து கேசட்டுகளோடு அப்பா ஊர் திரும்பினார். போட்டுப் பார்க்க எங்களிடம் எதுவும் இல்லை. எல்லாரும் கூடும்போது பார்க்கலாம் என்று வைத்தார்.

நாலாம் மாதம் அம்மா போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இரண்டு சிறுநீரகமும் பழுது என்றார்கள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

கேசட்டுகளை அப்பா ஒரு மஞ்சப்பையில் சுற்றி, பீரோவில் அம்மா சேலைகளுக்கு நடுவே வைத்தார். கேட்டால், "செத்தவுகள நடமாட விட்டுப் பாக்கக் கூடாது" என்பார். ஆனால் துக்கம் கேட்க வந்தவர்களிடமும், பிறகு வருசக்கணக்காக வந்தவர்கள் போனவர்களிடமும் ஒரே சொல்லைச் சொல்வார்: "அந்தப் பதினஞ்சு நாளும் ஒரு தலைவலின்னு சொன்னதில்ல அவ. பத்துமலைல அம்புட்டுப் படியும் ஏறுனா. எம்புட்டுச் சிரிச்சாங்கிறீக! எல்லாம் கேசட்டுல இருக்கு."

அவர் சாய்ந்துகொள்ள அந்தச் சொல் ஒன்றுதான் சுவராக இருந்தது. எங்களுக்கும்தான். நோய் திடீரென்று வந்தது, அதற்கு முன்னால் அவள் நன்றாக இருந்தாள் என்று நாங்களும் நம்பினோம்.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில், கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் இப்போது பழைய கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றித் தருகிறார். கேசட்டை வாங்கி, தேங்காயைக் குலுக்கிப் பார்ப்பது மாதிரி காதோரம் குலுக்கிப் பார்த்தார்.

"ஓடும்க்கா. நாலு நாள் கழிச்சு வாங்க."

மூன்றாம் நாளே போன் வந்தது. "அக்கா, நேர்ல வந்துட்டுப் போங்க. போன்ல சொன்னா நம்ம வேலை சரியில்லன்னு நெனச்சிருவீங்க."

போனேன். கம்ப்யூட்டரில் ஓடவிட்டார். திரையில் தரை. பளபளப்பான தரைக்கல், அதன்மேல் ஆடி ஆடி நகரும் ஒரு ஷூ. அப்பாவுடைய கான்வாஸ் ஷூ. கொஞ்ச நேரம் கழித்துத் தலைகீழாக ஒரு மரம், பெட்டிச் சக்கரம், மறுபடியும் தரை.

"அஞ்சும் இப்பிடித்தான். ஐயா என்ன வேலை பாத்தாரு?"

"பஸ் டிரைவர்."

அவர் சிரித்துவிட்டு, உடனே வாயைத் துடைத்துக்கொண்டார். "அதான் பாத்தேன். கேமராவுல செவப்பு லைட்டு எரிஞ்சா ஓடுதுன்னு அர்த்தம்க்கா. ஐயாவுக்குச் செவப்பு எரிஞ்சா வண்டி நின்னுருச்சுன்னு அர்த்தம். லைட்ட அணைச்சுப்புட்டு அம்புட்டையும் படம் பிடிச்சிருக்காரு. முடிச்சுட்டு, செவப்பு எரியவிட்டுத் தோள்ல தொங்கப் போட்டுட்டு நடந்திருக்காரு."

பத்துமலை இல்லை, இரட்டைக் கோபுரம் இல்லை, கடல் இல்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நடந்த நடை மட்டும் இருந்தது.

"அம்மா முகம்?"

"அதான்க்கா சொல்லக் கூப்ட்டேன்," என்றார்.

ஒவ்வொரு இடத்திலும் இப்படித்தான் நடக்கும். தரையில் கிடக்கும் படம் மெல்ல மேலே எழும்பும். அம்மாவின் சேலைக் கரை வரும், பை பிடித்த கை வரும், கழுத்துச் சங்கிலி வரும். அப்பாவின் குரல், "இந்தா, இங்க பாரு, சிரி" என்று சொல்லும். அந்த இடத்தில் அறுந்துவிடும். அடுத்த நொடி மறுபடி தரை. "ஆச்சு" என்பார் அப்பா. அம்மாவின் சிரிப்பு முடிகிற கடைசி நுனி மட்டும் கேட்கும். ஐம்பது அறுபது தடவை. ஒரு தடவைகூட மோவாய்க்கு மேலே போகவில்லை.

"பாதிப் பேரு பாக்குறதுக்குன்னு கொண்டாருவாக, கேட்டுட்டுப் போவாக. நீங்களும் கேளுங்கக்கா," என்று சொல்லிக் காதில் மாட்டும் போனை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார் கடைக்காரர்.

கேட்டேன். அம்மாவின் மெட்டிச் சத்தம்தான் முதலில் கேட்டது. கொஞ்சம் தொளதொளத்த மெட்டி அது. வீட்டில் நடந்தாலே டக் டக் என்று சிமெண்டில் படும். செருப்பு நுனியைத் தாண்டி இடித்ததில், கோலாலம்பூர்த் தரைக்கல்லில் இன்னும் எடுப்பாகக் கேட்டது. முதல் கேசட்டு முழுக்க அந்தச் சத்தமும், "ஏங்க, மெதுவாப் போங்க" என்ற குரலும். இரண்டாவதில் அவள் கால் அப்பாவின் ஷூவுக்குப் பின்னால் வந்தது. புது ரப்பர்ச் செருப்பின் வார் சதைக்குள் புதைந்திருந்தது. மூன்றாவதில் வார் இன்னும் ஆழமாகப் புதைந்திருந்தது. நாலாவதில் அவள் அப்பாவின் பழைய அகலச் செருப்பைப் போட்டிருந்தாள். கால் இரண்டும் ஊறப்போட்ட மாதிரி இருந்தன. மெட்டிச் சத்தம் நின்றிருந்தது.

புருசன் இருக்கும்போது எங்கள் பக்கத்துப் பெண்கள் மெட்டியைக் கழற்ற மாட்டார்கள். பிரசவத்துக்குப் போனாலும் நர்சிடம் சண்டை போட்டு வைத்துக்கொள்வார்கள். அம்மா கழற்றியிருந்தாள்.

ஐந்தாவதில் ஒரு இடத்தில் படம் கறுப்பு. கேமரா பைக்குள் இருக்கிறது, பை அம்மா மடியில் இருக்கிறது. கூடப் பேசும் பெண் அதே சுற்றுலாவில் வந்த திருவாதவூர்க்காரி.

"என்னத்தா இது, காலு பூசணிக்கா மாதிரி! ஒங்க வீட்டு ஆளுகிட்டச் சொன்னியா?"

"சொன்னா அடுத்த பிளேன்லயே ஊருக்கு இழுத்துட்டுப் போயிருவாக. முப்பது வருசமா முன்னாடி போற வண்டி முதுகையே பாத்துக்கிட்டு இருந்த மனுசன்க்கா. இப்பத்தான் தலையத் தூக்கி மேல பாக்குறாக. பாத்துக்கிறட்டும்."

"கிறுக்கி. மெட்டி எங்க?"

"முந்தியில முடிஞ்சு வச்சிருக்கேன். வெரல்ல இருந்தா அறுக்குது. சொல்லிறாதீங்க, பதறிருவாக. அந்தா வாராக."

உடனே அப்பாவின் குரல்: "என்ன, ரெண்டு பேருக்கும் அம்புட்டுச் சிரிப்பு?"

"ஒண்ணுமில்லண்ணே. ஊருக்குப் போனதும் இதக் கூட்டிக்கிட்டுத் திருவாதவூருக்கு வாங்க. ஒங்களுக்குக் கெடா வெட்டிச் சோறு போடுறேன்."

"வந்துருவோம், வந்துருவோம்."

கடைக்காரரிடம் ஐந்தாவதைத் தனியாக என் போனில் ஏற்றச் சொன்னேன். பென்டிரைவில் நாலு மட்டும். 'ஒரு தலைவலின்னு சொன்னதில்ல' என்ற அந்த ஒரு சொல்லில்தான் அப்பா இத்தனை வருசம் நின்றிருக்கிறார். முகத்தைத் தர முடியவில்லை, இருப்பதையும் நான் பிடுங்கிக்கொண்டு போக வேண்டுமா? அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் யார் நடந்தாலும் நான் காலைப் பார்த்தேன். பாத்திரம் கழுவும்போது கூடத்தில் டக் டக் என்று கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் மின்விசிறி.

மறுநாள் டிவியில் பென்டிரைவைச் சொருகினேன். அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். தரை வந்தது.

"படம் எங்க ஆத்தா?"

சிவப்பு லைட்டைப் பற்றிச் சொன்னேன். அப்பா தன்னைத்தானே ஏசிக்கொண்டார். "மடப்பய. அம்புட்டுத் தூரம் போயி ரோட்டப் படம் பிடிச்சிட்டு வந்திருக்கேன்."

நிறுத்திவிடட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஒவ்வொரு தரையையும் அடையாளம் சொன்னார். "இது ஓட்டல் வராண்டா. இது பாங்காக்கு, மழை பேஞ்ச அன்னைக்கு." அம்மாவின் குரல் வரும்போதெல்லாம் உதடு அசைந்தது, பதில் சொல்வது மாதிரி. படம் எழும்பி, கழுத்து வரை வந்து அறுந்தபோதெல்லாம் அவர் மோவாயும் கூடவே எழும்பித் தாழ்ந்தது. பார்க்க முடியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்று கேசட்டும் ஓடி முடிந்தன.

நாலாவது தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முன்னால் குனிந்தார். கண் கொஞ்சம் மங்கல் அவருக்கு. ஆனால் எஞ்சினில் ஒரு நட்டு தளர்ந்தால் கேட்கிற காது.

"மெட்டிச் சத்தம் எங்க?"

"டேப்பு பழசுப்பா."

"செருப்புச் சத்தம் கேக்குதே."

நாலாவது முடிந்தது. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சாவது?"

"அது பூஞ்சை பிடிச்சிருச்சுப்பா. ஓடல."

சரி என்பது போலத் தலையாட்டினார். கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமலேயே, மெதுவாகக் கேட்டார்: "அதுல என்னைய ஏசுறாளா?"

"இல்லப்பா" என்று வாயில் வந்துவிட்டது.

"அப்ப ஓடியிருக்கு," என்றார்.

போனை எடுத்து அவர் கையில் வைத்து, அந்த இடத்தைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா பேசினாள், திருவாதவூர்க்காரி பேசினாள், அப்பா வந்தார், வந்துருவோம் என்றார். மறுபடி முதலிலிருந்து. மூன்று தடவை. நாலாவது தடவை பாதியில் நின்றது. அழுகைச் சத்தம் வருமோ என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

"ஆத்தா, இங்க வா."

போனேன். போனைத் திரும்பக் கொடுத்தார்.

"தெரிஞ்சிருந்தா இழுத்துட்டு வந்துருப்பேன். பெழைச்சிருப்பாளான்னு தெரியல. இழுத்துட்டு வந்துருப்பேன்." அவ்வளவுதான் சொன்னார் அதைப் பற்றி. பிறகு, "நான் கேமராவுக்குள்ளயும் கோபுரத்து மேலயும் பாத்துக்கிட்டு இருந்துட்டேன். அந்தப் பதினஞ்சு நாளும் அவ மூஞ்சிய நேரா உக்காந்து பாத்தது இந்தம்மா ஒண்ணுதான். திருவாதவூர்தான?"

"பேரு தெரியாதேப்பா. இருக்காகளோ என்னமோ."

"ஊரு தெரியும்ல. மாட்டுத்தாவணியில பஸ்ஸு. மலேசியாவுக்குப் போயிட்டு வந்த அம்மா யாருன்னு கேட்டா ஊர்ல சொல்லுவாக. அவ எப்பிடி இருந்தான்னு கேக்கணும்."

இன்னொரு நாள் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

பஸ்ஸில் கூட்டம். ஒருவர் எழுந்து டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டை அப்பாவுக்குக் கொடுத்தார். எங்கே போனாலும் அவருக்கு அந்த சீட்டுதான் பிடிக்கும். டிரைவர் கியர் போடுவதைக் குறை சொல்லிக்கொண்டே வருவார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒத்தக்கடை தாண்டியது, வயல்கள் வந்தன. அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிற பெண்களின் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.