ஒண்ணுமில்ல சார்

பிளாஸ்டிக் தரைவிரிப்புத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. கண் எரிகிறது என்றாலும் தலை சுற்றுகிறது என்றாலும் "ஒண்ணுமில்ல" என்பார். அதுவே அவர் பெயராகிவிட்டது. கலவை அறைக்குள் காலெடுத்து வைக்கவே மாட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றே நிர்வாகம் பண்ணும் மகாவீரர்.

விறைத்த பிளாஸ்டிக்கைத் துணிபோல வளைய வைக்க அந்த அறையில் ஒரு ரசாயனம் சேர்ப்பார்கள். ஒண்ணுமில்ல அதற்கு வைத்த பெயர் 'எண்ணெய்'. பெயரை நம்பிய பெண்கள் கையுறையில்லாமல் அளந்து ஊற்றினார்கள். வெடித்த விரல்களில் மிச்சத்தைத் தேய்த்துக்கொள்வதும் உண்டு. அந்தப் பாவி அதையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே போவார்.

அங்கே வேலை பார்த்த கலவைக்காரியின் மூத்த மகன் விதைகள் பைக்குள் இறங்காமல் பிறந்தான். ஒரு வயதில் அறுவை சிகிச்சை நடந்தது. டாக்டரம்மா அவள் வேலையை விசாரித்துவிட்டுச் சொன்னார்.

"இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா இப்படிச் சில கெமிக்கல் வயித்துல இருக்கிற ஆண் குழந்தையோட ஹார்மோனைக் கெடுக்கும். அந்த உறுப்பெல்லாம் மூணாம் மாசத்தை ஒட்டித்தான் உருவாகும். அடுத்த தடவை முதல்லயே தள்ளி இருந்துக்கோ."

அடுத்த தடவை நாள் தள்ளிப்போனதுமே அவள் ஒண்ணுமில்லவின் முன்னால் போய் நின்றாள். "சார், என்னைப் பேக்கிங்குக்கு மாத்துங்க."

"எண்ணெய்தானே, அதுக்கு எதுக்கு பயப்படுற? மூத்தவனுக்கு வந்தது உன் வீட்டுக்காரர் வம்சத்துக் கோளாறா இருக்கும்."

டாக்டரம்மா சொன்னதையும் சொன்னாள். காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாதாமாதம் கேட்டாள், மாதாமாதம் அதே பதில்.

வீட்டில் எதற்குச் சும்மா இருக்க வேண்டும் என்று அவரே கொண்டுவந்து சேர்த்த மருமகளும் அந்த அறையில்தான் இருந்தாள். ஒருநாள் காலை அவள் வாந்தி எடுத்தாள். மதிய மணி அடிப்பதற்குள் அவளுக்குப் பேக்கிங்கில் நாற்காலி போட்டாகிவிட்டது.

கலவைக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அவரிடம் போனாள்.

"உங்க மருமகளுக்கு என்ன சார்?"

வாழ்நாளில் முதல் தடவையாக மனிதருக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. பிறகு பெரிய வள்ளல் மாதிரி, "சரி, நாளையிலிருந்து நீயும் பேக்கிங்குக்குப் போ" என்றார்.

"எனக்கு அஞ்சு மாசம் முடிஞ்சுபோச்சு சார்."

அன்றிலிருந்து பிரசவ நாள்வரை அவள் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். பிறப்பது பெண்ணாக இருக்கட்டும்.