சிங்ஙம் பன்னிரண்டு

எங்கள் கல்யாண மண்டபத்து மேனேஜர் அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. அது அவருடையது. மண்டபத்தில் அறுநூறு நாற்காலி அடுக்கிக் கிடந்தாலும் அந்த அறைக்குள் இன்னொன்று போனதில்லை. கல்யாண வீட்டுக்காரர்களை வெளியே சோபாவில் உட்காரவைத்து என்னிடம் பேசச் சொல்லிவிடுவார். சமையல் கான்ட்ராக்டர், மேளக்காரர், கரண்ட் வேலை பார்ப்பவர், நான், எல்லோரும் அவர் முன்னால் நின்றுகொண்டுதான் பேசுவோம்.

அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். சத்தம் போடமாட்டார். அதுதான் பயம். திட்டினால் திரும்ப முணுமுணுக்கவாவது வழி இருக்கும். அவரோ கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு "ம்" என்பார். ஒரு முறை வாசல் கேட்டில் நின்றபடியே மேடையைப் பார்த்து, "இடது தூண்ல இருக்கது நேத்துப் பூ" என்றார். அலங்காரக்காரர் ஓடிப்போய் முகர்ந்து பார்த்தார். நேற்றுப் பூதான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் என்னிடம் பேசி ஜெயித்தவர் கிடையாது. அவர் முன்னால் மட்டும் அந்த வாய் எங்கே போய் ஒளியுமோ தெரியாது.

மேலகரத்தில், குற்றாலம் போகிற ரோட்டில் இருக்கிறது மண்டபம். புக்கிங் என் பொறுப்பு. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் பிரிண்டரா என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த அழகான கையெழுத்தில்தான் தப்பு நடந்தது.

புளியறையிலிருந்து ஒருவர் போனில் மகள் கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டார். மாப்பிள்ளை வீடு எல்லை தாண்டிக் கேரளத்தில், புனலூர்ப் பக்கம். "சிங்ஙம் பன்னெண்டு" என்றார். செங்கோட்டைக்கு மேற்கே பல வீடுகளில் இன்னும் மலையாளக் காலண்டர் தொங்கும். சிங்ஙம் என்பது நம் ஆவணி. இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே போகும். சில வருஷம் மட்டும் அவர்களுக்கு மாதம் ஒரு நாள் தள்ளிப் பிறக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு என் தலைக்கு மேல் தொங்கியது தமிழ்க் காலண்டர். ஆவணி பன்னிரண்டு புதன்கிழமை என்று போட்டிருந்தது. புதன் என்று எழுதி, ரசீதையும் புதன் என்றே போட்டு அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் தென்காசி வீடு ஒன்று வியாழக்கிழமையைக் கேட்டது. காலியாக இருக்கிறதே என்று கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது புளியறைக்காரர் மறுபடி கூப்பிட்டார். "புதன் சாயந்திரம் சமையல் ஆளுங்க வந்திருவாங்க. வியாழக்கிழமை கல்யாணம்லா" என்றார். ரிஜிஸ்டரில் வியாழன் தென்காசி வீட்டுக்குப் போயிருந்தது. "பாத்துச் சொல்லுதேன் சார்" என்று வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், தப்பிக்கத்தான் பார்த்தேன். போனில் சொன்ன தேதிக்குச் சாட்சி கிடையாது. 'நீங்க புதன்னுதான சொன்னீங்க' என்று ஒரு வரி போதும். ரசீதிலும் புதன்தான். அதைப் படிக்காமல் பைக்குள் வைத்தது அவர் தப்பு. எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் நான் ஜெயிப்பேன் என்று தெரிந்தது.

அவர் கொடுத்தனுப்பிய அழைப்பிதழ் ஐந்து நாளாக என் மேசையில் பிரிக்காமல் கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் பிரித்தேன். மூலையில் மஞ்சள் தடவி, பெண்ணின் பெயர் போட்டு, கீழே எங்கள் மண்டபத்தின் பெயர், வியாழக்கிழமை. அந்தப் பெண் அலங்காரம் பண்ணிக்கொண்டு வந்து இறங்கும்போது மேடையில் வேறொரு பெண் உட்கார்ந்திருப்பாள். ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி அறைக்குள் போனேன்.

"அண்ணாச்சி, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

கண்ணாடியைக் கழற்றினார். "ம்."

சொன்னேன். எங்கே மூச்சு விட்டேன் என்று நினைவில்லை. முடித்ததும் ரிஜிஸ்டரில் இரண்டு பக்கங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அவரு சரியாச் சொன்னத நீ தப்பா எழுதுனியா, தப்பாச் சொன்னத அப்படியே எழுதுனியா?"

நான் தப்பித்துப் போக ஒரு கதவைத் திறந்துவைத்ததுபோல இருந்தது அந்தக் கேள்வி. "சரியாத்தான் சொன்னாரு. நான்தான் ஆவணியப் பாத்து எழுதிட்டேன்" என்றேன்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது, அண்ணாச்சி."

கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு கார்ச் சாவியை எடுத்தார். "வண்டில ஏறு."

"போன்ல சொல்லிரலாமே..."

"போன்லதான இவ்வளவும் வந்துச்சு."

வேலை போய்விட்டது என்று வழியிலேயே முடிவு பண்ணிக்கொண்டேன். செங்கோட்டை தாண்டி, மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. புளியறைச் செக்போஸ்ட்டுக்கு நிற்கிற லாரி வரிசைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நீ சொல்லு. நான் பக்கத்துல நிக்கேன்."

நிற்பார் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்காரர் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். அண்ணாச்சி உட்காரவில்லை. "மொதல்ல சொல்லி முடிச்சிருதோம்" என்றார். அவருக்கு இடது முட்டி சரியில்லை. பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்கமாட்டார். மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது.

நான் சொன்னேன். வீட்டுக்காரர் முகம் வெளுத்துப்போனது. அப்புறம் ஆரம்பித்தார். முந்நூறு வீட்டுக்கு அழைப்பிதழ் கொடுத்ததைச் சொன்னார், சம்பந்தி வீட்டு முகத்தில் எப்படி முழிப்பேன் என்றார், படித்தவர்கள் பார்க்கிற வேலையா இது என்றார். ஒரு கட்டத்தில் அண்ணாச்சியைப் பார்த்து, "இவங்கள இன்னும் வேலையில வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"வச்சிருக்கதாலதான் உங்களுக்கு இன்னைக்கே தெரிஞ்சுது" என்றார் அண்ணாச்சி.

அதைத் தவிர எங்கள் பக்கம் பேச அவர் ஒரு சொல் எடுக்கவில்லை. அரை மணி நேரம் இருக்கும். ஊரில் இருக்கிற கான்ட்ராக்டர்களெல்லாம் யார் முன்னால் நின்று நடுங்கினார்களோ, அந்த மனிதர் தலையை லேசாகத் தாழ்த்தி, எனக்கு விழுகிற ஒவ்வொரு ஏச்சையும் பக்கத்தில் நின்று கேட்டார். இடது கால் வேட்டிக்குள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. எனக்குப் பயமெல்லாம் எப்போது போனதென்றே தெரியவில்லை. ஒரு மனிதர் இப்படியும் இருக்க முடியுமா என்று பிரமித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கத்தி ஓய்ந்த வீட்டுக்காரர் தண்ணீர் குடித்தார். பிறகு குரல் இறங்கிப்போய் என்னிடம் சொன்னார்: "முந்தாநாள் போன்ல ஒங்க குரல் மாறுச்சு. நாந்தான் தேதிய மாத்திச் சொல்லிட்டேன்னு நெனச்சேன். ரெண்டு நாளாச் சோறு எறங்கல. மக மொகத்தப் பாக்க முடியல."

நான் சொல்லாமல் வைத்திருந்த பொய்யை அவர் ஏற்கெனவே நம்பியிருந்தார். அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் அதைச் சுமந்திருப்பார். அழக்கூடாது என்று வாசலில் நின்ற லாரிகளைப் பார்த்தேன்.

அண்ணாச்சிதான் கேட்டார். "முகூர்த்தம் எத்தன மணிக்கு?"

"பதினொன்னரைக்கு. அவங்க பக்கமெல்லாம் அப்படித்தான்."

"தென்காசி வீட்டுக்கு ஏழரலேர்ந்து ஒம்பது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் கணத்தில் எனக்கும் விளங்கியது. அங்கேயே நின்றபடி தென்காசி வீட்டுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். தப்பு எங்கள் பேரில் என்று முதலில் சொன்னார். ஒன்பதரைக்கு மேடையை விட்டுக்கொடுத்தால், மத்தியானப் பந்திக்குப் பின்பக்கம் தனியாகத் தகரக் கொட்டகை போட்டுத் தருவதாகச் சொன்னார். பெண்ணின் அம்மா நேரத்தை இரண்டு முறை கேட்டுக்கொண்டார். பிறகு, "அதுவும் ஒரு பொம்பளப் பிள்ளதான அண்ணாச்சி, நடக்கட்டும்" என்றார்.

அந்த வியாழக்கிழமை ஒரே மேடையில் இரண்டு தாலி ஏறியது. நடுவில் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் பூவெல்லாம் மாற்றினோம். அந்த ஓட்டத்தைத் தனிக் கதையாகச் சொல்லலாம். ஆனால் என் மனதில் இன்றைக்கும் நிற்பது, புளியறை வீட்டில் போனை வைத்த பிறகு நடந்தது.

"இனி உக்காரலாமா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டார் அண்ணாச்சி. அவர் பதறிப்போய் நாற்காலியை முன்னால் தள்ளினார். அண்ணாச்சி கையைப் பிடியில் ஊன்றி, மெதுவாக இறங்கி உட்கார்ந்து, பெரிதாக மூச்சு விட்டார். நான் பழக்கத்தில் அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். இன்னொரு நாற்காலியைக் கையால் இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார்.

"நீயும் உக்காரு. எவ்வளவு நேரம் நிப்ப?"

உட்கார்ந்தேன். நுனியில்தான்.