மூன்று கோட் வார்னிஷ்

நோயல் வேலையில் குறை சொன்னவர் தங்கச் சுரங்கத்து ஊரான கோரமண்டலில் யாரும் கிடையாது. குறை சொல்வதற்கென்றே பிறந்த ஒருவர் இருந்தார், சுரங்கத்து ஸ்டோர் கிளார்க் ராஜப்பா. அவரே நோயல் கொண்டுவரும் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் அகப்படாத கடுப்பில் சீட்டில் கையெழுத்துப் போடுவார்.

நோயல் பிறந்தது சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில். அப்பா மரியகுழந்தைக்குச் சுரங்கத்தின் அடியில் மரமுட்டுக் கொடுக்கும் வேலை. பையன் மட்டும் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போகக்கூடாது என்று அம்மா முழங்காலில் நின்று ஜெபித்ததாலோ என்னவோ, எண்பத்து நான்கில் நோயலுக்கு மேலேயே, எலக்ட்ரிக்கல் ஷாப்பில் வேலை கிடைத்தது. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய காயிலை அறுத்தெடுத்து, புது ஒயர் சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைக்க வேண்டும். பதினேழு வருஷம் அதைத்தான் செய்தார்.

அந்த ஷாப்பில் ஒரு சட்டம் இருந்தது. எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் பைபிளுக்கு அடுத்தபடி அதுதான். ஸ்டோரிலிருந்து எடுத்த சாமான் திரும்பப் போகும்போது வாங்கியதைவிடச் சுத்தமாகப் போகவேண்டும். துரு இருந்தால் எமரித் தாள், அழுக்கு இருந்தால் மண்ணெண்ணெய், மேல்பூச்சு போயிருந்தால் வார்னிஷ். அழுக்காகக் கொண்டுபோனால் ராஜப்பா ஜன்னல் வழியாகவே வெளியே எறிவார். இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடிய வாரத்தில்கூட, எல்லாம் பழைய இரும்புக்குத்தான் போகிறது என்று தெரிந்தும், இவர்கள் ஒவ்வொரு மோட்டாரையும் துடைத்து வார்னிஷ் அடித்து ஒப்படைத்தார்கள். பைத்தியக்காரத்தனம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும், அப்படிப்பட்ட ஆட்கள்.

கித்தார் வந்தது எண்பத்தெட்டில். சுரங்கத்தில் அதிகாரியாக இருந்த ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலோ இந்தியர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா கிளம்பினார். அவர் வீட்டுப் பொருட்களை ஊரே வாங்கியது. கட்டிலை, அலமாரியை, நாயைக்கூட வாங்கினார்கள். நோயல் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஒரு எலக்ட்ரிக் கித்தாரை வாங்கினார். அமெரிக்காவில் செய்தது, அறுபத்தாறாம் வருஷத்துச் சரக்கு, அவரைவிட ஒரு வயது இளையது. நடுவில் மஞ்சளாகவும் ஓரத்துக்குப் போகப்போகக் கருஞ்சிவப்பாகவும் நிறம். மேல்பூச்சு முழுக்க மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. தலைப்பகுதியில் ஹாப்கின்ஸ் சிகரெட்டைச் செருகி வைத்து வாசித்ததன் சூட்டுத் தழும்பு. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் என்ற சுருள்கள் இரண்டு. அதில் ஒன்று மழைக்காலத்தில் கரகரக்கும்.

அதை வைத்துக்கொண்டு நோயல் கிளப் டான்ஸுகளில் வாசித்தார், கல்யாணங்களில் வாசித்தார், கிறிஸ்துமஸ் பஜனையில் தெருத்தெருவாக வாசித்தார். ஈவ்லின் அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததில் அந்தக் கித்தாருக்குப் பாதிப் பங்கு உண்டு. மீதிப் பாதி நோயலுக்குத்தான் என்று ஈவ்லின் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

சுரங்கம் மூடிய பிறகு ஊர் முழுக்க வேலைக்குப் போய்வரத் தினமும் ரயிலில் ஏறியது. நோயலும் ஏறினார். பெங்களூரில் ஒரு மோட்டார் வைண்டிங் ஷெட்டில் பதினான்கு வருஷம். அந்த ஷெட்டையும் மூடிவிட, ஒயிட்பீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் செக்யூரிட்டி வேலை. காயில் சுற்றிய கையில் விசில். பால் பாக்கெட் கொண்டுவருபவனிடம் பெயர் எழுதி வாங்குவதற்காக விடிகாலை ரயில், ராத்திரி ரயில். இருபத்து மூன்று வருஷம் தன் வீட்டை வெளிச்சத்தில் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். ஐம்பத்தொன்பது வயதில் முழங்கால் வீங்கிவிட்டது. ரயில் படியில் தொற்றி ஏறும்போதெல்லாம், இதிலிருந்து இறங்காமலே செத்துப்போவோம் என்ற பயம் அவருக்கு வந்துவிட்டது. யாரிடமும் சொன்னதில்லை, ஈவ்லினிடம் மட்டும் சொன்னார்.

பக்கத்து ஆண்டர்சன்பேட்டையில் ஒரு சின்ன அறை எடுத்து, சொந்தமாக மோட்டார் வைண்டிங் கடை போடவேண்டும் என்பது அவருடைய ஆசை. சுற்றுப்பட்டில் போர்வெல் மோட்டார் எரியாத வாரமில்லை. ஆளும் கையும் தயார், முதல்தான் இல்லை.

வழி காட்டியது சரத். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன், அதே ரயிலில் ஊரிகம் ஸ்டேஷனில் ஏறுவான், நோயலை அங்கிள் என்பான். கிறிஸ்துமஸ் படங்களை நோயல் போனில் காட்டியபோது அவன் கண் கித்தாரிலேயே நின்றுவிட்டது.

"இது இன்னா வருஷம் அங்கிள்?"

"அறுபத்தாறு. ஏன்?"

"வீட்ல சும்மாவா வெச்சிகினு கீறீங்க? இது இன்னா விலை போவும் தெரியுமா உங்களுக்கு?"

நோயலுக்குத் தெரியாது. சரத் படத்தைப் பெங்களூரில் ஒரு பெரிய கித்தார் கடைக்கு அனுப்பினான். கடைக்காரர் எக்ஸ்சேஞ்சுக்கு வரச்சொன்னார். பழையதைக் கொடுத்தால் புதுக் கித்தார் ஒன்று, நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒன்று, மேலே ஒன்றரை லட்சம். அதே நாளில் வந்தோம், கொடுத்தோம், வாங்கினோம் என்று முடிந்துவிடும். இரண்டே நாளில் சரத் இன்னொருவரையும் பிடித்துவந்தான். பழைய கித்தார்களைச் சேர்த்து வைக்கும் உதய் என்பவர். போனில் அவரே பேசினார். எல்லாம் ஒரிஜினல்தானே என்று மூன்று முறை கேட்டார். கம்பியைத் தவிர ஒரு ஆணிகூட மாற்றியதில்லை என்று நோயல் சத்தியமாகச் சொன்னார், அது நிஜமும்கூட. "ஆறு லட்சம் தர்றேன் சார். நானே வீட்டுக்கு வந்து எடுத்துக்கறேன். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றார் உதய்.

ஈவ்லினுக்குக் கித்தார் கடைதான் சரியென்று பட்டது.

"கடைக்காரன் எங்கயும் ஓடமாட்டான். கையில ஒரு கித்தாரும் நிக்கும். அதுவும் இல்லன்னா ஞாயித்துக்கிழமை கோயில்ல நீங்க இன்னா பண்ணுவீங்க, சும்மா கைகட்டிகினு நிப்பீங்களா?"

"ஒண்ணரை லட்சத்துல வைண்டிங் கடை போட முடியாது ஈவ்லின். மிஷின் இருக்குது, அட்வான்ஸ் இருக்குது. திரும்பவும் ரயிலுதான்."

"இருக்கறத விட்டுட்டுப் பறக்கறதுக்கு ஆசப்படாதீங்க. அவ்ளோதான் நான் சொல்றது."

நோயல் ஆசைப்பட்டார். இருபத்து மூன்று வருஷத்தில் ஒரே ஒரு முறை ஆசைப்பட்டதை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. ஆனால் பணம் கைக்கு வருமுன் வேலைக்கு நோட்டீஸ் கொடுத்தாரே, அதைச் சொல்வேன். இந்த ஊர்க்காரர்களுக்கு வாய்ச்சொல் போதும். சுரங்கத்தை மூடமாட்டோம் என்று சொன்னதையும் நம்பியவர்கள்தானே.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ரயிலில் வழக்கமாகப் போகிறவர்கள் யாராவது வேலையை விட்டு நிற்கும்போது ஓடுகிற பெட்டியிலேயே ஒரு விழா எடுப்பது அவர்களுக்குள் ஒரு முறை. நோயலுக்கும் எடுத்தார்கள். பங்காருப்பேட்டை தாண்டியதும் கேக் வெட்டினார்கள், பொன்னாடை போட்டார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "நான் தப்பிச்சிட்டேன், நீங்களும் சீக்கிரம் எறங்குங்க" என்று சொன்னார். பெட்டியே சிரித்தது, சிலருக்குக் கண் கலங்கியது.

உதய் வெளியூரில் இருந்தார், அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைதான் வருவதாகச் சொல்லியிருந்தார். இடையில் எட்டு நாள். சும்மா இருந்து பழகாத மனுஷன் வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? திங்கட்கிழமை காலையில் கித்தாரைப் பெட்டியிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். முப்பத்தாறு வருஷமாகப் பார்த்த பொருள் அன்றைக்குத்தான் அழுக்காகத் தெரிந்தது. ஆறு லட்சம் கொடுத்து வாங்குகிற மனுஷன் கையில் வெடிப்பும் துருவும் சூட்டுத் தழும்புமாகவா கொடுப்பது? வெட்கமாக இருந்தது அவருக்கு.

எமரித் தாளை எடுத்தார். மூன்று நாள் தேய்த்து, வெடித்த மேல்பூச்சை அடிமரம் தெரியும்வரை எடுத்தார். சிகரெட் தழும்பைச் சீவி மட்டமாக்கினார். உலகத்திலேயே சிறந்த வார்னிஷ் என்று அவர் நம்பியது மோட்டார் காயிலுக்குப் போடுவதைத்தான். அதை வாங்கிவந்து மூன்று கோட் கொடுத்தார். ஒவ்வொரு கோட்டும் காய, பெரிய பல்பைப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டார். ஈவ்லின் கொசுவலையைச் சுற்றிப் பிடித்துத் தூசி படாமல் பார்த்துக்கொண்டார். துருப்பிடித்த ஸ்க்ரூக்களுக்குப் பதில் புதுசு. கரகரத்த பிக்கப்பைத் திறந்தார். தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. அவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. இரண்டையும் அறுத்துப் போட்டுவிட்டு, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு புதுக் கம்பி சுற்றினார். வாசித்துப் பார்த்தபோது ஒரு கரகரப்பு இல்லை. அந்த வாரம் போல அவர் சந்தோஷமாக இருந்து ஈவ்லின் வெகுநாளாகப் பார்க்கவில்லை.

"கல்யாணப் பொண்ணு மாதிரி பளபளன்னு கீது" என்றார் ஈவ்லின்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர்கள் வீட்டுக்கு வந்த சற்று நேரத்தில் உதய் காரில் வந்தார். நாற்பது வயதிருக்கும், அமைதியான மனுஷர். காப்பி வேண்டாம், முதலில் கித்தாரைப் பார்த்துவிடலாம் என்றார். நோயல் பெட்டியைத் திறந்துவைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். ராஜப்பா முன்னால் நின்றதுபோல் நின்றார், ஆனால் பயமில்லாமல்.

உதய் கித்தாரைத் தொடவில்லை. குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"படத்துல இருந்த கித்தார் எங்க சார்?"

"இதேதாங்க. நான்தான் ரெடி பண்ணேன். மூணு கோட்டு வார்னிஷ், இன்னும் அம்பது வருஷத்துக்குத் தாங்கும்."

"பழைய பெயின்ட் முழுசாவா எடுத்துட்டீங்க?"

"அடிமரம் வரைக்கும். எல்லாம் வெடிச்சுப் போயிருந்திச்சே."

உதயின் குரல் இறங்கிவிட்டது. "பிக்கப் மட்டும் தொடலையே சார்?"

"ரெண்டையும் புதுசா சுத்திட்டேன். வாசிச்சுப் பாருங்க, சுத்தமா இருக்கும்."

"பழைய கம்பி? பழைய ஸ்க்ரூ?"

"பழைய சாமான்காரருக்குப் போட்டுட்டேன்."

உதய் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் நோயலும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பார், அதோடு போயிருக்கும். அவரோ மெதுவாக எடுத்துச் சொன்னார். அந்த வெடிப்புக்கும் துருவுக்கும்தான் விலை. தழும்போடு இருக்கிற அறுபத்தாறுதான் அறுபத்தாறு, மற்றதெல்லாம் வாசிக்கிற சாமான். அந்தக் கம்பி அன்றைக்கு அந்த ஃபேக்டரியில் ஒருவர் சுற்றியது, இனி யார் சுற்றினாலும் அது வராது. இப்போது இதற்கு ஒரு லட்சத்துக்கு மேல் தன்னால் கொடுக்க முடியாது. அதுவும் மரத்துக்காக.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது நோயலுக்குப் புரிய நேரமாகவில்லை. மோட்டார் பிரித்த மூளை அது, சட்டென்று பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டார். ஈவ்லின் அங்கேயே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

எழுந்து போகுமுன் உதய் கித்தாரை முதல்முறையாகக் கையில் எடுத்தார். விளிம்பை விரலால் தடவினார். "ஆனா சார், வேலை ரொம்ப நல்லா இருக்கு. இந்த மாதிரி ஃபினிஷ் நான் பார்த்ததில்ல" என்றார். மனசார சொன்ன வார்த்தை. விசில் ஊதிக் கழித்த வருஷங்களில் ஒருவர்கூட நோயலிடம் சொல்லாத வார்த்தை. அதுவரை நின்றுகொண்டிருந்தவர் அப்போதுதான் அழுதார்.

ஒரு லட்சத்துக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. மத்தியானம் சரத் கடைக்காரரிடம் பேசிவிட்டுக் கூப்பிட்டான். இப்போதுள்ள நிலையில் ஒரு புதுக் கித்தார் மட்டும் தருவதாகச் சொன்னார்களாம், பணம் கிடையாதாம். "நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும் அங்கிள், தொடாதீங்கன்னு" என்றான்.

"உன்மேல தப்பில்லப்பா. அழுக்கா குடுக்க எனக்குத் தெரியல" என்றார் நோயல்.

கித்தார் கடையை வேண்டாமென்று தள்ளியபோது ஈவ்லின் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நோயலுக்கு நினைவிருந்தது. அதையெல்லாம் இப்போது திருப்பிச் சொல்லுவார் என்று சாயந்தரம்வரை காத்திருந்தார். சொல்லியிருந்தால் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். ஈவ்லின் சோறாக்கினார், போட்டார், "நானும்தானே வலை புடிச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு நோயல் சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். அவருடைய கேட்டில் வேறு ஆள் வந்தாகிவிட்டது. பின்பக்க கேட் ஒன்று காலியாக இருக்கிறது, சம்பளம் ஐந்நூறு குறைவு, சரியென்றால் நாளைக்கே வரலாம். சரி சார், ரொம்ப நன்றி சார் என்று நோயல் இரண்டு தடவை சொன்னார்.

ஈவ்லின் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தட்டித் தடவி, விடிகாலை மூன்றரை மணிக்கு அலாரம் வைத்தார்.