‘சரி’ என்று எழுத மறுத்தவர்

கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய கைப்பேசியை என் மேசைமேல் வைத்துவிட்டு, எங்கள் சோதனையாளர் அதன் திரையை என் பக்கம் திருப்பினார். மாலை நான்கு மணி இருக்கும். திரையில் ‘புதிய வாலட் உருவாக்குக’ என்ற பொத்தான் மட்டும் தெரிந்தது. காலையில் அதே கைப்பேசியில் ஒரு வாலட் இருந்திருக்கிறது. நான் எழுதிய அப்டேட்டை ஏற்றியதும் அது காணாமல் போயிருக்கிறது. தவறு என்னுடையதாக இருக்கும் என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றவே இல்லை. “போன் பழசும்மா,” என்றேன்.

நெய்வேலியில் என் மனைவிக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸுக்கு நாங்கள் குடிவந்தபோது, சென்னை நிறுவனம் ஒன்றின் செயலியை, கிரிப்டோ நாணயங்களைச் சேமித்து வைக்கும் வாலட் செயலியை, பராமரிப்பது என் வேலை. மெயின் பஜார் பக்கம் ஒரு மாடி அறை பிடித்து, அங்கிருந்தே செய்துகொண்டிருந்தேன். செயலியை முதலில் எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். அவருடைய நிரலைப் பிரித்து, ஒழுங்குபடுத்தி, வேகமாக ஓட வைத்தேன். தேவையில்லை என்று பட்ட வரிகளை நீக்குவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. வீட்டை ஒட்டடை அடித்த நாளில் வருமே, அது போல. ஆனால் இது வங்கி அல்ல. போய் முறையிட மேலாளர் யாரும் இல்லை. பணத்துக்கான ரகசியச் சாவி பயனரின் கைப்பேசிக்குள்தான் இருக்கிறது. அது அழிந்தால், ஆரம்பத்தில் காகிதத்தில் எழுதி வைக்கச் சொன்ன பன்னிரண்டு சொற்களைக் கொடுத்து மீட்கலாம். காகிதமும் தொலைந்திருந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

சோதனையாளர் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். கணவர் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி, ஒரு சிறு பெண் குழந்தை. கணினி படித்திருந்தும் சென்னைக்குப் போக முடியாமல் இருந்தவர், பயனர்கள் மின்னஞ்சலில் அனுப்பும் கடிதங்களுக்குப் பதில் எழுதவும் செயலியைச் சோதிக்கவும் எங்களிடம் சேர்ந்தார். அந்தக் கடிதங்களைப் படித்துப் படித்து, எந்த ஊரில் எந்த மாதிரி போன் புழங்குகிறது என்பது அவருக்கு அத்துப்படி. உறவினர்கள் ஒதுக்கிப் போட்ட போன்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் எங்கள் செயலியின் ஒவ்வொரு பழைய பதிப்பை ஏற்றி, துணிப்பையில் கொண்டுவருவார்.

நான் நீக்கியிருந்தவை, மிகப் பழைய பதிப்புகளில் சேமித்த சாவியைப் படிக்கும் வரிகள். அந்தப் போனில் அப்டேட்டுக்கு முன் இருந்தது அப்படியொரு பழைய பதிப்பு என்றார் அவர்.

“அந்த வெர்ஷன இன்னும் யாரும்மா வெச்சிருப்பாங்க?”

“வெச்சிருக்காங்க சார். குறிஞ்சிப்பாடிக்காரர் ஒருத்தர், வெளிநாட்டுல வேல செஞ்சிகினு இருக்காரு. வூடு மாத்தும்போது காகிதம் தொலஞ்சிபோச்சின்னு போன மாசம்தான் எழுதியிருந்தாரு. அவருது இந்த வெர்ஷன்தான்.”

நான் அதைக் காதில் வாங்கவில்லை. மறுநாள் அப்டேட் போய்விடும் என்று சென்னையில் இருந்த முதலாளியிடம் சொல்லியிருந்தேன். அன்று மாலை அவர் அழைத்தபோது, போனில்தான் ஏதோ கோளாறு என்றேன். சோதனையாளர் என் பக்கத்தில் நின்றபடியே குரல் கொடுத்தார். “போன் மேல தப்பு இல்லீங்க சார். நான் சரின்னு எழுத மாட்டேன்.”

சோதனையாளர் ‘சரி’ என்று குறிக்காமல் எதுவும் வெளியே போகக்கூடாது என்பது எங்கள் விதி. முதலாளி எரிச்சலோடு, அவருக்குப் பதில் என்னையே குறிக்கச் சொன்னார். என்னால் முடியும், அதற்கான அனுமதி என் கணக்கில் இருந்தது. சோதனையாளர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “நீங்க போட்டா போடுங்க சார். அதுக்கு முன்னாடி இந்தப் போன ஒரு தடவ நீங்களே செஞ்சி பாத்துடுங்க,” என்று அதை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அவர் வரவில்லை. அந்த வெற்று நாற்காலிதான் என்னை அந்தப் போனை எடுக்க வைத்தது என்று நினைக்கிறேன். பழைய பதிப்பை ஏற்றி, ஒரு வாலட் உருவாக்கி, அப்டேட் செய்தேன். சாவி போய்விட்டது. என் மனைவியின் புதுப் போனை வாங்கிவந்து அதிலும் செய்தேன். அங்கும் போய்விட்டது. வெளிநாட்டில் வேலை முடிந்து வந்து, போனைத் திறந்து, வெறும் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த முகம் தெரியாத மனிதரை நினைத்தேன்.

முதலாளியை அழைத்து அப்டேட்டை நிறுத்தச் சொன்னேன். “நல்ல வேளை, நீங்க கண்டுபிடிச்சீங்க,” என்றார். “ஆமா சார்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அந்த ‘ஆமா’வோடு அறையில் உட்கார முடியவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு முத்தாண்டிக்குப்பம் போனேன். அவர் வாசலில் குழந்தையை மடியில் போட்டு ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பாப்பாக்கு ஜுரம் சார், மெசேஜ் போட்டிருந்தேனே. வேலய வுட்டுட்டேன்னு நெனச்சிகினு வந்தீங்களா?” என்று சிரித்தார்.

நான் காலையில் எந்தச் செய்தியையும் பார்த்திருக்கவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். முதலாளியிடம் ‘ஆமா’ என்றதையும் சொன்னேன். மன்னிக்கச் சொன்னேன்.

அவர் ஈரத்துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தார். “எங்கிட்ட சொல்லி என்னா சார் ஆவப்போவுது? அவருகிட்ட சொல்லுங்க.”

அங்கேயே, அந்த வாசலிலேயே, முதலாளியை மறுபடி அழைத்தேன். தவறு என் நிரலில் இருந்தது, கண்டுபிடித்தவர் இவர், தடுத்தவரும் இவர் என்றேன். பிறகு, “போனை அவங்ககிட்ட குடுங்க,” என்றார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. “சரிங்க சார், சரிங்க சார்” என்பது மட்டும் காதில் விழுந்தது.

நீக்கிய வரிகளைத் திரும்பச் சேர்த்தேன். அவை எதற்கு என்பதையும் இந்த முறை நிரலிலேயே விளக்கமாக எழுதினேன். பழைய சாவியைப் புதிய இடத்துக்கு மாற்றி, அது திறக்கிறதா என்று சரிபார்த்த பிறகே பழையதை அழிக்கும்படி செய்தேன். பையில் இருந்த எல்லா போன்களிலும் அவர் சோதித்து முடித்த பிறகுதான் அப்டேட் வெளியே போனது.

இன்று எங்கள் குழு பெரிதாகிவிட்டது. அவர்தான் சோதனைப் பிரிவின் தலைமை. அவருக்குப் பதிலாக ‘சரி’ என்று குறிக்கும் அனுமதி என் கணக்கில் இப்போது இல்லை. அதை எடுத்துவிடச் சொல்லி நானே கேட்டுக்கொண்டேன். வேலையில் என்னைப் பாராட்டியவர்கள் உண்டு. ஆனால் நன்றி என்று நினைத்தால் எனக்கு நினைவு வருவது, அந்த அப்டேட் வெளியான நாள்தான். வாலட்டைக் காணோம் என்று யாராவது எழுதிவிடுவார்களோ என்று அன்று முழுவதும் இருவரும் கடிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாலை வரை ஒன்றும் வரவில்லை. குறிஞ்சிப்பாடிக்காரரும் எழுதவில்லை.

“யாரும் ஒண்ணும் எழுதல சார்,” என்று சொல்லிவிட்டு, கணினியை அணைத்து, அவர் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.